தொப்புளுக்கு மேலே துடிக்கும் குழாய்

மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் துண்டை விரித்து மல்லாந்து படுப்பது எங்கள் பெரியப்பாவின் வழக்கம். திருக்கோஷ்டியூர் வெயிலுக்கு அந்தத் திண்ணைதான் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம். ஒருநாள் அவர் வயிற்றின் மேல் கிடந்த பனையோலை விசிறி தானாக ஆடியதைப் பார்த்தேன். மூச்சுக்கு ஏறி இறங்கும் ஆட்டமாக இருந்தால் கவனித்திருக்க மாட்டேன். அதைவிட வேகமாக, மணிக்கட்டு நாடியின் கணக்கில், விசிறியின் விளிம்பு துள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன பெரியப்பா, வயித்துல இப்படித் துடிக்குது?"

"ஒல்லி உடம்புக்கு அப்படித்தான் தெரியும்ப்பா" என்றார். சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன். ஒல்லியானவர்களுக்கு அந்தத் துடிப்பு வெளியே தெரிவது உண்டு என்பதும் உண்மைதான். ஒன்றரை வருடம் கழித்து, சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், கருவியை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்திப் பார்த்த மருத்துவர்தான் நின்று அளந்தார். வயிற்றுப் பெருந்தமனி 4.3 சென்டிமீட்டர். இருக்க வேண்டியது ஏறத்தாழ 2. அவருக்கு அப்போது 68 வயது. 40 வருடத்துக்கு மேல் பீடி. வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து கிளம்பி, மேலே வளைந்து, முதுகெலும்பின் முன்பக்கமாகவே கீழிறங்கி, தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய். அதன் சுவர் பலவீனமாகி ஓரிடத்தில் உப்புவதுதான் பெருந்தமனி வீக்கம். வயிற்றுப் பகுதியில் 3 சென்டிமீட்டரைத் தொட்டால் வீக்கம் என்று கணக்கு. சைக்கிள் டயர் ஓரிடத்தில் நைந்து, உள்ளே இருக்கும் டியூப் பிதுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பிதுங்கப் பிதுங்க அந்த இடத்தில் இழுவிசை கூடும். கூடக் கூட இன்னும் பிதுங்கும்.

தமிழ்நாட்டில் இந்த நோயின் பெயர் வீடு வீடாகப் போனது 2024 அக்டோபரில். நடிகர் ரஜினிகாந்த் செப்டம்பர் 30 அன்று சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்ந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயில் வீக்கம் இருந்ததாகவும், நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாகவே ஸ்டென்ட் பொருத்தி வீக்கத்தை அடைத்துவிட்டதாகவும் மறுநாள் மருத்துவமனை அறிக்கை சொன்னது. சில நாட்களில் வீடு திரும்பினார். அந்த வாரம் முழுக்க டீக்கடையில் இதே பேச்சு. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொழுப்புக்கும் அழற்சிக்கும் இதில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் கீழே உள்ளவை வெறும் கட்டளைகளாகத் தோன்றாது.

குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் எலாஸ்டின் என்ற இழை இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குவது அதன் வேலை. அதற்குத் துணையாகக் கொலாஜன் என்ற முரட்டு இழை. எலாஸ்டினை உடம்பு சிறுவயதிலேயே நெய்து முடித்துவிடுகிறது. பிறகு அறுந்தால் அறுந்ததுதான். இரத்தத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு கூடும்போது அது சுவருக்குள் ஊடுருவி அங்கேயே கெட்டுப்போகிறது. அதைச் சுத்தம் செய்ய வெள்ளை அணுக்கள் வருகின்றன. கொழுப்பை விழுங்கி, நுரை கட்டியதுபோல் ஊதி, அங்கேயே தங்கிவிடுகின்றன. தங்கியவை மேலும் அணுக்களை அழைக்கின்றன. இந்தக் கூட்டம் கக்கும் நொதிகள்தான் எலாஸ்டினையும் கொலாஜனையும் வெட்டுகின்றன. இப்படி உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருப்பதைத்தான் அழற்சி என்கிறோம். வீக்கத்தின் உட்புறத்தில் இரத்தம் உறைந்து படிந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் படிவுக்குள்ளும் வெள்ளை அணுக்கள் குடியேறும். பின்னால் உள்ள சுவருக்குப் பிராணவாயு கிடைப்பதும் குறையும்.

ஆக, கொழுப்பு விறகு என்றால் அழற்சி தீ. ஆனால் அந்தத் தீயை ஊதிவிடுவது பெரும்பாலும் புகையிலைப் புகைதான். இந்த நோய்க்கு மாற்றக்கூடிய காரணங்களில் புகைப்பதைவிடப் பெரியது வேறில்லை. கொழுப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்பதற்கு ஓர் ஆச்சரியமான சான்று உண்டு: இதயக்குழாய் அடைப்பைக் கூட்டும் சர்க்கரை நோய், வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தைக் கூட்டுவதில்லை. சர்க்கரை உள்ளவர்களிடம் இது குறைவாகவே காணப்படுகிறது. இரண்டும் பக்கத்து வீட்டு நோய்கள். ஒரே நோய் அல்ல.

செய்ய வேண்டியவை

• 65 வயதைத் தாண்டிய ஆண், வாழ்நாளில் எப்போதாவது பீடியோ சிகரெட்டோ வழக்கமாகப் புகைத்தவர் என்றால், ஒரே ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பெருந்தமனியை அளந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 65 முதல் 75 வயது வரையிலான இத்தகைய ஆண்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களுக்கு அரசே கடிதம் போட்டு அழைக்கிறது. நம் ஊரில் அப்படிக் கடிதம் வராது. நாமாகத்தான் போக வேண்டும். ஊசி கிடையாது, சாயம் ஏற்றுவது கிடையாது, வயிற்றில் ஜெல் தடவிச் சில நிமிடம்தான். வெறும் வயிற்றோடு போனால் வாயு மறைக்காது. இதைவிட முக்கியம், வாய்விட்டுக் கேட்பது: "பெருந்தமனி அகலத்தையும் அளந்து எழுதுங்க டாக்டர்." கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்று எடுக்கும் ஸ்கேனில் பெருந்தமனியின் அளவு எழுதப்படாமலே போவது சாதாரணம். பெரியப்பாவுக்கு முந்திய வருடங்களில் எடுத்த இரண்டு ஸ்கேன் தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தோம். இரண்டிலும் பெருந்தமனி என்ற சொல்லே இல்லை.

• அப்பாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த வீக்கம் இருந்திருந்தால், புகைக்காதவராக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லி ஸ்கேன் எடுங்கள். நம் பக்கத்தில் அண்ணன் காரைக்குடியில், தம்பி சிங்கப்பூரில், அக்கா மலேசியாவில் என்று குடும்பம் பிரிந்து கிடக்கும். ஒருவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு இதைவிட நல்ல பயன் கிடையாது.

• பீடியை விடுங்கள். வீக்கம் கண்டுபிடித்த பிறகு விட்டாலும் பலன் உண்டு. தொடர்ந்து புகைப்பவர்களுக்கு வீக்கம் வேகமாக வளரும், வெடிக்கும் அபாயமும் கூடுதல். தனியாக முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண்ணைக் கூப்பிட்டால் விடுவதற்கு வழி சொல்லித் துணை நிற்பார்கள். பெரியப்பா மூன்று முறை விட்டு மூன்று முறை பிடித்தார். நான்காவது முறை நின்றது. அவர் தன் பேரனிடம், "இனிமே எங்கிட்ட பீடி வாசம் வந்தா பக்கத்துல வராதேடா" என்று சொன்ன நாளிலிருந்து நின்றது.

• எல்.டி.எல். அளவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கொழுப்பு மட்டும் போதாது. வீக்கம் இருப்பவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழேயும், இதயநோயும் சேர்ந்திருந்தால் அதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். ஸ்டேட்டின் மாத்திரை எழுதினால் தவறாமல் போடுங்கள். அது கொழுப்பைக் குறைப்பதோடு சுவரின் அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. அது வீக்கத்தைச் சுருக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி நிரூபணம் ஆகவில்லை. ஆனால் இந்த வீக்கம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மிக அதிகம், அவற்றைத் தடுப்பதில் ஸ்டேட்டின் நம்பகமானது. தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

• இரத்த அழுத்தத்தை 130/80-க்குள் வைத்திருங்கள். இதற்கு அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். வரும் பெண்ணிடம் "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லி அனுப்பாமல் கையை நீட்டுங்கள்.

• நடங்கள். சிறிய வீக்கம் உள்ளவர் நடப்பதாலோ படியேறுவதாலோ அது வெடித்துவிடாது. எங்கள் ஊர் சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலில், ராமானுஜர் ஏறி நின்று எட்டெழுத்து மந்திரத்தை ஊருக்கே சொன்ன விமானத்துக்குப் போகும் படிகள் குறுகலானவை. குனிந்துதான் ஏற வேண்டும். மூச்சை அடக்காமல், நின்று நின்று, நிதானமாக ஏறலாம். மூச்சு வாங்கினால் உட்காருங்கள். பின்னால் வருபவர் பொறுத்துக்கொள்வார்.

• சாப்பாட்டில் பயறு, மொச்சை, சுண்டல், கீரை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, கிடைத்தால் மத்தி மீன். செட்டிநாட்டுக்காரர்களிடம் சாப்பாட்டை மாற்றச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அதனால் முழுவதையும் மாற்றச் சொல்லவில்லை. உப்புக்கண்டத்தை மாதத்தில் ஒரு நாளைக்கென்று வையுங்கள்; அதில் உள்ள உப்பு நேராக அழுத்தத்தைத்தான் ஏற்றும். வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் நாள்கிழமைக்கு என்று இருந்த காலத்தில் அவற்றால் யாருக்கும் கெடுதி வந்ததில்லை. பலகாரக்கடையில் தினமும் பொட்டலம் வாங்கத் தொடங்கியதுதான் மாற்றம்.

• வயிற்றிலோ முதுகிலோ இடுப்பிலோ திடீரென்று, இதுவரை அறியாத கடுமையான வலி வந்து, கூடவே வியர்வை, தலைசுற்றல், மயக்கம் என்றால் உடனே 108. நெஞ்சிலும் முதுகிலும் கிழிப்பதுபோல் வலித்தாலும் அப்படியே. "இவருக்குப் பெருந்தமனி வீக்கம் இருக்கு" என்று வண்டியில் ஏறும்போதே சொல்லுங்கள். பழைய ஸ்கேன் தாளைக் கையில் கொடுங்கள். குழாய் வெடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. பிழைப்பவர்கள் நேரத்தோடு சரியான இடத்துக்குப் போனவர்கள். இங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

செய்யக்கூடாதவை

• வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். இந்த நோய் வலியோடு வருவதில்லை. வலி வரும்போது பெரும்பாலும் கடைசிக் கட்டம்.

• வயிற்றில் துடிக்கும் கட்டி போல் கைக்குப் பட்டால் குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் போட்டு நீவ விடாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே அது நடக்கவிருந்தது. நீவுகிறவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. குழந்தைகளுக்கு வாயுக்கு நீவி நீவிப் பழகிய கை. ஆனால் உப்பிய குழாயை அமுக்கிப் பிசைவது எந்தக் கைக்கும் உரிய வேலையல்ல.

• திடீர் இடுப்பு வலியைக் கல் என்றும் வாயு என்றும் நீங்களே முடிவு செய்து சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துப் படுத்துவிடாதீர்கள். வெடித்த பெருந்தமனி சிறுநீரகக் கல் வலியைப் போலவே வேஷம் போடும். 60 வயதைத் தாண்டிய, புகைத்த ஒருவருக்கு வாழ்நாளில் முதல்முறையாகக் கல் வலி வருகிறது என்றால் பெருந்தமனியையும் பார்த்தே ஆக வேண்டும்.

• சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். வயிற்றுப்போக்கு என்றாலே நம் ஊரில் கைக்கு வருவது இந்தக் குடும்பத்து மாத்திரைதான். பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கும் வரும் அபாயம் உள்ளவர்களுக்கும், வேறு வழி இருக்கும்போது இவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. இவை கொலாஜன் இழையைப் பாதிக்கக்கூடும் என்பது காரணம். எந்த மருத்துவரிடம், எந்த நோய்க்குப் போனாலும் "எனக்குப் பெருந்தமனி வீக்கம் இருக்கு" என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

• அழற்சிதானே காரணம், அதற்கு மாத்திரை போட்டால் போதாதா என்று டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்காதீர்கள். அவை இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதயத்துக்கும் ஆகாது. குழாய்ச் சுவரின் அழற்சியை மருந்தால் நிறுத்த ஆராய்ச்சியாளர்கள் முயன்று பார்க்காமல் இல்லை. இழையை வெட்டும் நொதியை அடக்கும் டாக்சிசைக்ளினை, சிறிய வீக்கம் உள்ளவர்களுக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வெளிவந்தது: வளர்ச்சி குறையவில்லை. இன்றைக்கு அழற்சியைக் குறைக்க நம் கையில் உள்ளவை புகையை விடுவதும், கொழுப்பையும் அழுத்தத்தையும் அடக்குவதும்தான்.

• பூண்டு லேகியம் சாப்பிடுகிறோம் என்று ஸ்டேட்டினை நிறுத்தாதீர்கள். பூண்டும் மஞ்சளும் குழம்பில் இருக்கட்டும்.

• பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். அப்படிக் காய்ச்சும் கடையில் வாங்காதீர்கள். வனஸ்பதியை அடுக்களைக்குள் விடாதீர்கள். நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது 2022 முதல் சட்டம். ஆனால் கடாயில் கறுத்துப்போன எண்ணெயை எந்தச் சட்டமும் வந்து தினமும் முகர்ந்து பார்க்காது.

• மூச்சை அடக்கிப் பெரிய பாரம் தூக்காதீர்கள். நெல் மூட்டை, சிலிண்டர், தண்ணீர்க் குடம் மட்டுமல்ல. பெருமாளைத் தோளில் ஏளப்பண்ணுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பரம்பரையாகச் செய்யும் கைங்கரியத்தை விடச் சொல்வது எளிதல்ல. வீக்கம் உள்ளவர் தோளில் சுமக்கும் தண்டை மகன் தோளுக்கு மாற்றிவிட்டுக் கூடவே நடந்து வரட்டும். மலச்சிக்கலில் முக்குவதும் இதே கணக்குதான், கவனியுங்கள்.

• பெண்களுக்கு வராது என்று நினைக்காதீர்கள். குறைவாக வரும், ஆனால் வந்தால் சிறிய அளவிலேயே வெடிக்கக்கூடும். அதனால் ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரில் யோசிக்கும் அறுவை சிகிச்சையைப் பெண்களுக்கு 5-லேயே யோசிக்கிறார்கள். இளம்பெண்களுக்கு வேறொரு நோய் உண்டு: 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் டக்காயாசு விவரித்த தமனி அழற்சி. இந்தியாவில் இது அரிதல்ல. இங்கே கொழுப்புக்கு வேலையே இல்லை. அழற்சி தானே முதலில் வந்து குழாயைச் சுருக்கவும் செய்யும், உப்பவும் வைக்கும். ஒரு கையில் நாடி கிடைக்கவில்லை, இரண்டு கையிலும் அழுத்தம் மிகவும் வேறுபடுகிறது, ஓயாத காய்ச்சலும் அசதியும் என்றால் சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். இதற்கு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

• வீக்கம் என்று கேட்டதும் இடிந்துபோய்விடாதீர்கள். 1948-இல் ஐன்ஸ்டைனுக்கு இதே வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் இருந்தது. அன்றைக்கு அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸென் செய்ய முடிந்தது, வீக்கத்தைச் சுற்றிச் செல்லோஃபேன் தாளைப் போர்த்துவது மட்டும்தான். அதோடு ஆறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர், 1955 ஏப்ரல் 18 அன்று அது வெடித்து இறந்தார். இன்று அந்த நிலை இல்லை. 1990-இல் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி தொடைக் குழாய் வழியாக ஸ்டென்டைச் செலுத்தி வயிற்றைத் திறக்காமலே சரிசெய்தார். இப்போது சென்னையிலும் மதுரையிலும் அந்த வழி இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போய், உங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

• ஸ்டென்ட் வைத்தாயிற்று என்று பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். ஓரத்தில் கசிவு வரலாம். வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டும்.

• சிறிய வீக்கம்தான் என்று மறந்தும்விடாதீர்கள். 3 முதல் 3.9 வரை என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, 4 முதல் 4.9 வரை வருடத்துக்கு ஒருமுறை, 5-ஐத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளப்பது பொது வழக்கம். உங்கள் மருத்துவர் இதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லலாம்.

வருடத்துக்கு ஒருமுறை என்பதுதான் மறந்துபோகும். பெரியப்பாவுக்கு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். மாசித் தெப்பத்துக்கு எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தின் படிகளில் விளக்கேற்றுவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் அங்கிருந்து ஒரு விளக்கை வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்திருந்து, அடுத்த மாசியில் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். பெரியம்மா அப்படி ஒரு விளக்கு எடுத்துவந்து பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார். அதன் அடியில் மடித்து வைத்திருப்பது பெரியப்பாவின் ஸ்கேன் தாள். விளக்கை எடுக்கும்போது தாளும் கைக்கு வரும். தெப்பம் முடிந்த மறுவாரம் ஸ்கேனுக்குத் திருப்பத்தூர் பஸ். போன மாசியில் 4.4.

"ஒரு புள்ளிதானே கூடியிருக்கு" என்றார் பெரியப்பா.

"ஆமா பெரியப்பா. அடுத்த மாசிக்கும் வருவோம்" என்றேன்.